மூன்று முறை ஒரே முடிச்சு: ஷெர்லாக் ஹோம்ஸ் நாற்பது ஆண்டு சலிக்காமல் நின்ற கணக்கு

1891 ஆகஸ்ட் மாத ஸ்ட்ராண்ட் இதழில் ஒரு சிறுகதை வந்தது. லண்டனில் அடகுக் கடை வைத்திருக்கும் செம்பட்டைத் தலைக்காரர் ஒருவருக்கு வாரம் 4 பவுண்டு சம்பளத்தில் வினோதமான வேலை கிடைக்கிறது. தினமும் காலை 10 முதல் மதியம் 2 மணிவரை ஓர் அறையில் உட்கார்ந்து கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அவரைக் கடையிலிருந்து கிளப்பிவிட்டு, நிலவறையிலிருந்து வங்கிக்குச் சுரங்கம் தோண்டுவதற்காகப் போட்ட ஏற்பாடு அது. 1893 மார்ச்சில் இன்னொரு கதை: பங்குத் தரகு நிறுவனத்தில் சேரவிருந்த குமாஸ்தாவை, ஆண்டுக்கு 500 பவுண்டு ஆசைகாட்டி பர்மிங்காமுக்கு இழுக்கிறார்கள்; அவன் பெயரில் வேறொருவன் அந்த வேலையில் போய் உட்காருகிறான். 1925 ஜனவரியில் மூன்றாவது: அபூர்வமான குடும்பப் பெயர் கொண்ட ஒரு கிழவரைச் சொத்து ஆசைகாட்டி அதே பர்மிங்காமுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவர் அறையின் தரைக்கு அடியில் கள்ளநோட்டு அச்சு இயந்திரம் இருக்கிறது.

மூன்றிலும் முடிச்சு ஒன்றே: ஒருவனை அவன் இருக்கும் இடத்திலிருந்து நம்பும்படியான பொய் சொல்லி நகர்த்துவது. எழுதியவரும் ஒருவரே, ஆர்தர் கோனன் டாயில்; மூன்றையும் துலக்குபவர் அவர் படைத்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ். முதல் கதையை ஹோம்ஸ் வாசகர் எவரும் மறப்பதில்லை. இரண்டாவதைச் சுருக்கம் சொன்னால்தான் ஞாபகம் வரும். மூன்றாவது நினைவில் நிற்பதற்குக் காரணம் அச்சு இயந்திரமோ கிழவரோ இல்லை. கடைசிப் பக்கங்களில், ஹோம்ஸின் நண்பரும் கதைசொல்லியுமான டாக்டர் வாட்சனின் தொடையில் குண்டு பாய்கிறது. ஹோம்ஸ் பதறிப்போய்ப் பேனாக்கத்தியால் கால்சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கிறார். மேலோட்டமான காயம்தான். உடனே குற்றவாளியிடம் திரும்பி, வாட்சன் செத்திருந்தால் நீ இந்த அறையை விட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்கிறார். தேய்ந்த முடிச்சின் மேல் புதிதாக வைக்கப்பட்டது அந்த ஒரு நிமிடம் மட்டுமே. முதல் புத்தகம் வந்து 37 ஆண்டுக்குப் பிறகு அதை வைத்ததால்தான் அது வேலை செய்தது. எப்படி என்பதே இந்த ஆய்வு.

தொடரின் அளவு

நான்கு நாவல்கள், 56 சிறுகதைகள். முதல் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887 நவம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வந்தது. முழு உரிமைக்கும் சேர்த்து டாயிலுக்குக் கிடைத்தது 25 பவுண்டு. கடைசிச் சிறுகதை 1927 ஏப்ரல் ஸ்ட்ராண்டில். இடையில் ஒருமுறை நாயகன் செத்துப் பிழைத்தான்.

சிறுகதை வரிசையைத் தொடங்கும்போது டாயில் போட்ட கணக்கு இன்றைக்கும் வார இதழ்க்காரருக்கும் வெப் சீரிஸ் எழுதுபவருக்கும் பொருந்தும். தொடர்கதையில் ஓர் இதழ் தவறிப்போனால் வாசகர் கையை விட்டுப் போகிறார். தனித்தனிச் சிறுகதை போட்டால் அடுத்த இதழை வாங்க வைக்கும் கயிறு இல்லை. ஆகவே பாத்திரம் தொடர வேண்டும், கதை அந்த இதழிலேயே முடிய வேண்டும். இதில் ஒளிந்திருந்த செலவையும் அவர் பின்னால் கண்டுகொண்டார்: ஒவ்வொரு சிறுகதைக்கும் ஒரு நாவலுக்குத் தேவையான அளவு தெளிவான, புதிய முடிச்சு வேண்டியிருந்தது.

1891 ஜூலையில் முதல் சிறுகதை வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ஹோம்ஸைக் கொன்று தீர்த்துவிட நினைப்பதாகத் தாயாருக்குக் கடிதம் எழுதினார். தாயார் கூடாது என்றார். டாயில் ஸ்ட்ராண்ட் இதழிடம் கதைக்கு 50 பவுண்டு கேட்டார், கொடுத்தார்கள். அடுத்த பன்னிரண்டு கதைக்கு 1000 பவுண்டு கேட்டார், மறுப்பார்கள் என்ற நம்பிக்கையில். அதையும் கொடுத்தார்கள். எழுதுகிறவருக்கு நான்கே மாதத்தில் சலித்த பாத்திரம், வாசகருக்கு மேலும் 35 ஆண்டு சலிக்கவில்லை.

1924-இல் வந்த தன்வரலாற்றில் டாயில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். ஹோம்ஸ் ஒரு கணக்கு இயந்திரம், அதில் எதைச் சேர்த்தாலும் வலு குறையும், ஆகவே கதைகளின் வேறுபாடு முடிச்சிலிருந்துதான் வர வேண்டும் என்கிறார். இதை நாங்கள் ஏற்கவில்லை. அவர் கதைகளே இதற்கு எதிர்ச் சாட்சி. அவர் சேர்த்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் வாட்சன் பார்க்கும் வழியாக, துளித்துளியாக.

நழுவியதும் நின்றதும்

முதல் நாவலில் வாட்சன் ஹோம்ஸின் அறிவுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் போடுகிறார். இலக்கியம் பூஜ்யம், தத்துவம் பூஜ்யம், வானியல் பூஜ்யம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதே ஹோம்ஸுக்குத் தெரியாது. முதல் சந்திப்புக்கு இது அருமையான சித்திரம். தொடருக்கு இது கால்கட்டு. 1890 பிப்ரவரியில் வந்த இரண்டாவது நாவலிலேயே ஹோம்ஸ் விருந்து மேசையில் இடைக்கால மண்பாண்டங்கள், ஸ்ட்ராடிவாரியஸ் வயலின்கள், இலங்கையின் பௌத்தம், எதிர்காலப் போர்க்கப்பல்கள் என்று வெளுத்துக் கட்டுகிறார். 1908-இல் வந்த கதையில் பழைய தேவாலய இசையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார். பூஜ்யங்களை டாயில் எங்கும் திருத்தவில்லை, விளக்கவும் இல்லை. அப்படியே கைகழுவிவிட்டார்.

நின்றவை வேறு வகை. பாரசீகச் செருப்புக்குள் புகையிலை, நிலக்கரி வாளியில் சுருட்டு, பதில் எழுதாத கடிதங்களைக் கணப்பு மேடையில் கத்தியால் குத்தி வைப்பது, துப்பாக்கியால் சுவரில் அரசியின் முதலெழுத்துகளைச் சுடுவது. இந்தப் பழக்கங்கள் எந்தக் கதையையும் தடுப்பதில்லை, வாசகருக்கோ வீடு திரும்பிய நிம்மதி. 'இவருக்கு இது தெரியாது, இதை இவர் செய்யவே மாட்டார்' என்ற தடைக்குணத்தை முதல் பாகத்தில் அழுத்தி எழுதினால் மூன்றாம் பாகத்தில் அதை உடைத்தே தீர வேண்டிவரும், உடைக்கும்போது வாசகர் ஏமாற்றமாகவே உணர்வார். டாயில் சீக்கிரமே, இரண்டாம் புத்தகத்திலேயே உடைத்ததால் தப்பித்தார்.

கோகெய்ன் பழக்கம் இந்த இரண்டிலும் சேராது. இரண்டாவது நாவல் ஏழு சதவீதக் கரைசலில் தொடங்கி அதே குப்பியை நோக்கிக் கை நீள்வதில் முடிகிறது. 1904-இல் ஒரு கதையில், பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழக்கத்திலிருந்து ஹோம்ஸை மீட்டதாக வாட்சன் சொல்கிறார். ஆனாலும் அந்தப் பேய் சாகவில்லை, உறங்குகிறது என்றும் சேர்த்துச் சொல்கிறார். பதினான்கு ஆண்டுகளில் நடந்த மாற்றம், ஒரு பத்தியில். 'திருந்தினார்' என்று தனிக் கதையாக எழுதியிருந்தால் நாயகனிடம் இருந்த ஒரே ஆபத்து தீர்ந்துபோயிருக்கும்.

கல்யாணம் செய்து வைத்த சிக்கல்

இரண்டாவது நாவலின் முடிவில் வாட்சனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. அந்தப் புத்தகத்துக்குச் சரியான முடிவு, தொடருக்குப் பெரிய சிக்கல்: ஹோம்ஸும் வாட்சனும் சேர்ந்து குடியிருந்த பேக்கர் தெரு வீட்டில் இனிக் கதைசொல்லி இல்லை. இதுபோன்ற இடத்தில்தான் பல தொடர்கள் துணைப் பாத்திரத்தின் மனைவியைச் சண்டைக்காரியாக்கியோ ஊருக்கு அனுப்பியோ சமாளிக்கும். டாயில் அந்தப் பிரிவையே கதைக்குள் நுழையும் வாசலாக்கினார்.

முதல் சிறுகதையில் வாட்சன் நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பழைய வீட்டைக் கடக்கிறார், ஜன்னலில் ஹோம்ஸின் நிழல் நடப்பதைப் பார்க்கிறார், மேலே போகிறார். ஹோம்ஸ் சொல்லும் முதல் விஷயம், கல்யாணத்துக்குப் பிறகு நீ ஏழரை பவுண்டு எடை கூடியிருக்கிறாய் என்பது. ஏழு என்கிறார் வாட்சன். இந்தச் சின்ன உரையாடல் எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இடையில் காலம் கடந்திருக்கிறது, ஹோம்ஸ் மாறவில்லை, வாட்சன் மாறியிருக்கிறார், இருவருக்கும் நட்பு அப்படியே இருக்கிறது, புதிய வாசகருக்கு ஹோம்ஸின் திறமையும் தெரிந்துவிட்டது. முன்கதைச் சுருக்கம் என்று ஒரு வரி இல்லை. கூடவே அந்தப் புகழ்பெற்ற படிக்கட்டுப் பேச்சு: நூற்றுக்கணக்கான முறை ஏறிய படிகள் எத்தனை என்று வாட்சனுக்குத் தெரியவில்லை, ஹோம்ஸுக்குத் தெரியும், பதினேழு.

பழைய வாசகருக்கு விருந்தும் புதிய வாசகருக்கு அறிமுகமும் ஒரே வரியில் கிடைக்க வேண்டுமானால், பாத்திரங்களில் ஒருவர் கொஞ்ச நாள் விலகியிருந்து திரும்பி வர வேண்டும். பிரிவு இல்லாமல் தொடங்கும் இரண்டாம் பாகங்கள் அறிமுகத்தை வசனத்தில் திணிக்க வேண்டிவருவது அதனால்தான்.

ஊறுகாய் அளவு

ஹோம்ஸுக்கு ஓர் அண்ணன் உண்டு என்பது 22-ஆவது சிறுகதையில்தான் தெரிகிறது. அதுவரை வாட்சன் அவரை உறவில்லாதவர் என்றே நினைத்திருந்தார். அண்ணன் மைக்ராஃப்ட் தம்பியைவிடக் கூர்மையானவர், ஆனால் நாற்காலியை விட்டு எழாத சோம்பேறி. நாயகனை ஓரங்குலம்கூடத் திருத்தாமல், அவருக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்ததும் நாயகனே புதிதாகத் தெரிகிறார். மைக்ராஃப்ட் இத்தனை வலுவான பாத்திரமாக இருந்தும், அவர் பெரும்பங்கு பெறுவது இரண்டே கதைகளில். மற்றவற்றில் வண்டி ஓட்டுவது, அறையைப் பாதுகாப்பது என்ற அளவுக்குத்தான். இன்றைய தொடர் என்றால் மறு வாரமே அவருக்குத் தனி ட்ராக் போட்டிருப்பார்கள்.

சொல்லாமல் விட்ட வழக்குகளும் இதே அளவில் வருகின்றன. 1893-இல் ஒரு கதையில் 'இரண்டாவது கறை' என்ற வழக்கை இப்போது வெளியிட முடியாது என்கிறார் வாட்சன். 1904 டிசம்பரில் அந்தக் கதை வந்தது. வாசகரிடம் வாங்கிய கடனைப் பதினோரு ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தார். எல்லாக் கடனையும் அடைக்கவில்லை. முதல் சிறுகதையிலேயே, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த துயரத்தை ஹோம்ஸ் துலக்கினார் என்று ஒரு வரி வருகிறது. நம் கடற்கரைக்கு அவர் வந்துபோனார் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்த ஒரு வரியில் ஹோம்ஸின் உலகம் லண்டனைத் தாண்டி விரிகிறது.

உணர்ச்சியின் அளவுதான் இருப்பதிலேயே கறாரானது. 1910-இல் நச்சுப்புகை நிறைந்த அறையிலிருந்து ஹோம்ஸை வாட்சன் இழுத்துக்கொண்டு வருகிறார். ஹோம்ஸ் குரல் நடுங்க மன்னிப்புக் கேட்கிறார். இவ்வளவு மனம் திறந்து இவரை நான் பார்த்ததில்லை என்கிறார் வாட்சன். அடுத்தது 1913: நோயாளியாக நடிக்கும் ஹோம்ஸ், வாட்சனின் மருத்துவத் தகுதியையே இழிவாகப் பேசி அவரைக் கட்டிலுக்கு அருகில் வரவிடாமல் துரத்துகிறார். கடைசியில் காரணம் சொல்கிறார்: அருகில் வந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய், நாலு கஜம் தள்ளி நிறுத்தினால்தான் உன்னை ஏமாற்ற முடியும். அவமதிப்பு என்று பட்டது பெரிய மதிப்பாகத் திரும்புகிறது. பிறகு 1925-இன் அந்தக் குண்டுக் காயம். பதினைந்து ஆண்டில் மூன்று முறை. முதல் காட்சியும் இரண்டாவதும் இல்லாமல் மூன்றாவது இல்லை.

தோற்க விடுவது

கெட்டிக்கார நாயகன் சலிப்பதற்கு முதல் காரணம் எப்போதும் ஜெயிப்பது. டாயில் முதல் சிறுகதையிலேயே ஹோம்ஸைத் தோற்கடித்தார். ஐரீன் ஆட்லர் அவருடைய வேஷத்தைக் கண்டுபிடித்து, தானும் ஆண் வேஷத்தில் பின்தொடர்ந்து வந்து, அவர் வாசலிலேயே இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறாள். ஐந்தாவது கதையில் காப்பாற்ற வேண்டிய இளைஞன் செத்துப்போகிறான். 1893 பிப்ரவரிக் கதையில் ஹோம்ஸின் ஊகமே முழுக்கத் தவறு: ஜன்னலில் தெரிந்த மஞ்சள் முகம், ஒரு குழந்தை போட்டிருந்த முகமூடி. இனி நான் மிதப்பாக நடந்தால் காதில் 'நார்பரி' என்று அந்த ஊர்ப் பெயரைச் சொல் என்று வாட்சனைக் கேட்டுக்கொள்கிறார்.

மூன்று தோல்வியும் மூன்று வகை: எதிராளி கூடுதல் புத்திசாலி, நேரம் போதவில்லை, தன் எண்ணமே தப்பு. ஒரே வகைத் தோல்வி இரண்டு முறை வந்தால் வாசகர் நாயகனைத் திறமையற்றவர் என்று முடிவு கட்டுவார். ஐரீன் ஆட்லர் மறுபடி வராததும் சரியான கணக்கு. வந்திருந்தால் இரண்டாவது முறை ஹோம்ஸ் ஜெயித்தாக வேண்டியிருக்கும், முதல் தோல்வியின் மதிப்பு கரைந்திருக்கும்.

கொன்றதும் மீட்டதும்

1893 டிசம்பரில் வந்த கதையில் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் ஹோம்ஸ் விழுகிறார். இதற்காகவே மொரியார்ட்டி என்ற வில்லன் அதே கதையில் அறிமுகமாகி அதே கதையில் சாகிறான். முன்பே பத்துக் கதையில் அவன் நிழல் விழுந்திருந்தால் கனம் கூடியிருக்கும். இது அவசரத்தில் செய்த வேலை. ஆனால் ஒரு விஷயம் கச்சிதம்: வாட்சன் மரணத்தைப் பார்க்கவில்லை. காலடித் தடம், கைத்தடி, ஒரு கடிதம் மட்டுமே பார்க்கிறார். உடல் கிடைக்கவில்லை. இந்தத் தொடரில் எல்லாமே வாட்சனின் கண்வழியாக வருவதால், அவர் பார்க்காத சாவை மாற்றிச் சொல்ல முடிந்தது.

1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை வந்த பாஸ்கர்வில் நாவல் மரணத்துக்கு முந்தைய நிகழ்வு என்ற பாவனையில் வந்தது. பதினைந்து அத்தியாயங்களில், ஆறாவதின் தொடக்கத்தில் விடைகொடுக்கும் ஹோம்ஸ் பதினொன்றாவதின் கடைசிவரை கண்ணில் படுவதில்லை. வாட்சன் தனியாகச் சதுப்பு நிலத்தில் இருக்கிறார். இரண்டு அத்தியாயம் கடிதம், ஒன்று நாட்குறிப்பு. பதினொன்றாவதின் கடைசி வரிகளில் கல்குடிசைக்கு வெளியே பழகிய குரல் கேட்கிறது. எட்டு ஆண்டாகக் காத்திருந்த வாசகரை மேலும் ஆறு அத்தியாயம் காக்க வைத்திருக்கிறார், அந்த நாவல்தான் நான்கிலும் சிறந்தது. நாயகன் இல்லாத இடைவெளியில் துணைப் பாத்திரம் தவறோ சரியோ தானே முடிவெடுத்தது, அதனால் இடைவெளி தொய்யவில்லை.

1903 அக்டோபரில் ஹோம்ஸ் உயிரோடு திரும்புகிறார், பழைய புத்தக வியாபாரி வேஷத்தில். வாட்சன் மயங்கி விழுகிறார். அதற்கு விலையும் உண்டு. வாட்சனின் மனைவி இறந்துவிட்டதை ஒரே சொற்றொடரில் கடந்துவிடுகிறார் டாயில். அடுத்த கதையில் வாட்சனின் மருத்துவமனையை ஓர் இளம் டாக்டர் நல்ல விலைக்கு வாங்குகிறார், பணம் ஹோம்ஸுடையது என்று பின்னால் தெரிகிறது. மனைவியின் மறைவை ஒரு சொல்லில் முடித்தது இந்தத் தொடரின் மனசாட்சியற்ற இடம் என்றே எங்களுக்குப் படுகிறது. பழைய நிலைக்குத் திரும்பும் அவசரத்தில் ஒரு முழு மனுஷியைத் துடைத்துவிட்டார். அருவியில் விழுந்து ஹோம்ஸ் சாகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு பழைய ஆளாக இல்லை என்று கார்ன்வால் படகுக்காரர் ஒருவர் சொன்னதை டாயிலே பதிவு செய்திருக்கிறார்.

வாட்சன் சொல்லாத கதைகள்

எங்கள் முடிவுக்கு நேரடிச் சோதனை இதுதான். 1921-இல் வந்த வைரக்கல் கதை மேடை நாடகத்திலிருந்து எடுத்தது, படர்க்கையில் எழுதியது. எல்லாம் ஓர் அறைக்குள் நடக்கிறது. ஹோம்ஸ் பேசுகிறார், ஆனால் அவரைப் பார்த்து வியக்கவோ கோபப்படவோ கவலைப்படவோ கதைசொல்லும் கண் இல்லை. தந்திரம் மட்டும் மிஞ்சுகிறது. 1926 நவம்பரிலும் டிசம்பரிலும் வந்த இரண்டு கதைகளை ஹோம்ஸே தன் வாயால் சொல்கிறார். முதலாவதில் அவரே குறைப்படுகிறார்: சங்கிலியின் கண்ணிகளை மறைத்து வைத்துத்தான் வாட்சன் முடிவில் பகட்டுக் காட்டினார், நானே சொல்லும்போது அதை மறைக்க முடியவில்லை. இரண்டாவதில் கொலையாளி ஒரு கடல் சொறிமீன். நல்ல யோசனை, ஆனால் ஹோம்ஸ் தடுமாறுவதை ஹோம்ஸே சொல்லும்போது நமக்குப் பதற்றம் வருவதில்லை.

தொடர்ச்சிப் பிழைகள்

வாட்சனின் போர்க்காயம் முதல் நாவலில் தோளில், இரண்டாவதில் காலில். ஜான் என்ற அவரை மனைவி ஒருமுறை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறாள். இவை வாசகருக்கு விளையாட்டுப் பொருளாயின, சேதமில்லை. ஆனால் அருவிக் கதையில் மொரியார்ட்டியின் பெயரையே கேட்டதில்லை என்ற வாட்சன், அதற்கு முன் நடப்பதாக 1914-15-இல் எழுதிய நாவலில் அவனை நன்கு அறிந்தவராகப் பேசுகிறார். இது உறுத்துகிறது, ஏனென்றால் வாட்சனின் அறியாமைதான் அருவிக் கதையின் அச்சமே. உடல், பெயர், தேதிப் பிழையை மன்னிக்கலாம். யாருக்கு எது எப்போது தெரியும் என்பதில் பிழை வந்தால் உணர்ச்சியே பொய்யாகிவிடும்.

பதிவேடு

தமிழில் தொடர் எழுதுபவருக்கு இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒரு நோட்டும், அதில் கோடு போட்டுப் பிரித்த ஐந்து பத்திகளும். முதல் பத்தியில் அசையக்கூடாதவை. மூன்றுக்கு மேல் எழுதாதீர்கள்: ஒரு திறமை, ஓர் இடம், ஓர் உறவு. இரண்டாவதில் யாருக்கு எது எந்த அத்தியாயத்தில் தெரிந்தது. வயது, உயரத்தைவிட இதை முதலில் நிரப்ப வேண்டும். மூன்றாவதில் நாயகன் மனம் திறந்த இடங்கள், தேதியோடு. பத்து எபிசோடு கொண்ட ஒரு பருவத்தில் ஒன்று போதும், அதுவும் ஏழாவதுக்குப் பிறகு. முன்னாலேயே இறக்கிவிட்டால் கடைசியில் அழுகையைக் கூட்டத்தான் முடியும், ஆழப்படுத்த முடியாது.

நான்காவதில் தோல்விகள், வகையோடு. அடுத்தடுத்து ஒரே வகை வந்தால் ஒன்றை வெட்டுங்கள். முடிச்சு திரும்ப வருவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. திரும்ப வரும் முடிச்சில் யாருக்கு இந்த முறை ஆபத்து என்பதை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செம்பட்டைத் தலைக்காரர் கதையில் இழக்கவிருந்தது வங்கி, கள்ளநோட்டுக் கதையில் ஹோம்ஸ்.

ஐந்தாவதில் சொல்லிவிட்டு எழுதாமல் வைத்திருப்பவை. எப்போதும் அதில் நாலைந்து இருக்கட்டும். கை வறண்ட நாளில் ஒன்றை எடுத்து எழுதலாம், 'இரண்டாவது கறை' அப்படி வந்ததுதான். எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்துவிட வேண்டாம். திருகோணமலை அட்கின்சன் சகோதரர்கள் அந்தப் பத்தியிலேயே இருக்கிறார்கள். 1930-இல் இறக்கும்வரை டாயில் அவர்களைத் தொடவில்லை.